அடிக்கிற கைக்கும் மருந்து வேண்டும்



"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். எங்கள் லைன் வீட்டில் பனியன் கம்பெனி டெய்லர் ஒருத்தி இருக்கிறாள். சனிக்கிழமை சம்பளம் என்றால் அன்று ராத்திரி அவளுக்கு அடி நிச்சயம். "அவரு நல்லவருதானுங்க்கா, தண்ணி போட்டாத்தான் இப்படி" என்பாள். பக்கத்து வீட்டுப் பாட்டியோ, "அவனும் பாவம், அப்பன்கிட்ட அடி வாங்கி வளந்தவன். நீதான் அனுசரிச்சுப் போகோணும் கண்ணு" என்பார்.

அவன் பாவம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளர்ந்த பையன்களில் பலர் பின்னாளில் தாங்களும் கை ஓங்குகிறார்கள். ஆனால் அந்தப் பாவத்தையும் இவள் முதுகுதான் சுமக்க வேண்டுமா?

2025 ஜூனில் நம் அவினாசிப் பக்கம், கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத பெண், கொடுமை தாங்க முடியவில்லை என்று அப்பாவுக்குக் குரல் பதிவு அனுப்பிவிட்டு உயிரை விட்டாள். குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட் சொல்லட்டும். "பொறுத்துப் போ" என்று மகள்களிடம் சொல்லும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள்.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. அடிப்பவனை வீட்டைவிட்டு விலகி இருக்கச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. 14-வது பிரிவின்படி இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ கவுன்சலிங்குக்கு அனுப்பலாம். அங்கே, "அவ எதுத்துப் பேசுனா, அதனால அடிச்சேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. இனி அடிக்க மாட்டேன் என்று அவன் உறுதி கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சமாதானப் பேச்சு. எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வரிசைதான்.

நம் பூண்டிக் கோயிலுக்கு மனநோய் தீர வேண்டி எங்கிருந்தெல்லாமோ அழைத்து வருகிறார்கள். சூரனைக் கொன்ற தோஷம் நீங்க முருகனே இங்கு வந்து சிவனை வழிபட்டதாகத் தலவரலாறு. சாமியே ஆனாலும் செய்தவர்தானே தேடி வந்து தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது!

அந்த டெய்லர் பெண்ணிடம் 181 என்ற மகளிர் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவள் புருஷனிடம் மனநல ஆலோசனைக்கான 14416-ஐ என் வீட்டுக்காரர் கொடுத்தார். இன்னும் கூப்பிட்டானா தெரியாது. ஆனால் அவனைக் குணப்படுத்தும் வேலை அவளுடையது இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

அடிபட்டவளுக்கு முதலில் பாதுகாப்பு, அடித்தவனுக்குப் பிறகு மருந்து. இரண்டையும் ஒரே பெண்ணிடம் கேட்காதீர்கள் சகோதரிகளே!

- ஒரு வாசகி, திருமுருகன்பூண்டி.