பெயரை நீக்கினால் ஆள் மறைவதில்லை

மருத்துவக் கூட்டாய்வு முன்மொழிவுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: 'பங்கேற்பாளர்களின் பெயர்கள் நீக்கப்படும்; அவர்களது தகவல்கள் இரகசியமாகப் பாதுகாக்கப்படும்.' அறநெறிக் குழு இந்த வாக்கியத்தைத் தேடுகிறது; கண்டதும் நிறைவடைகிறது. கூட்டாளி நிறுவனம் இதை ஒப்பந்தத்தில் அப்படியே சேர்த்துக்கொள்கிறது. பங்கேற்பாளர் இதன் கீழ் கையொப்பமோ கைநாட்டோ இடுகிறார். மூன்று தரப்பும் ஏற்றுக்கொண்ட இந்த வாக்கியம் பல இடங்களில் உண்மையல்ல என்பதே என் வாதம். அந்த இடங்களில் ஒன்று, இந்தப் பதிவை எழுதும் ஊரான கொச்சியின் மட்டாஞ்சேரி.

மட்டாஞ்சேரியை அறியாதவர்களுக்கு ஒரு சுருக்கமான அறிமுகம். சில சதுர கிலோமீட்டருக்குள் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி, தமிழ் எனப் பல மொழிகள் வீட்டு மொழிகளாக வாழும் பகுதி இது. திருமலைக் கோயிலைச் சுற்றிக் கௌட சாரஸ்வதக் குடும்பங்கள், குஜராத்தி ரோட்டில் வணிகக் குடும்பங்கள், கச்சி மேமன்கள், பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் என ஒவ்வொரு சமூகமும் சிறியது. பெரும்பாலும் தனக்குள்ளேயே மணவுறவு கொள்வது. 1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் நிற்கும் ஜூ டவுனில் இன்று எஞ்சியிருக்கும் யூதர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். மரபணு ஆய்வாளர்களையும் நோய்ப்பரவல் ஆய்வாளர்களையும் இந்த ஊருக்கு ஈர்ப்பது இந்தத் தனித்தன்மைதான். இங்குள்ளவர்களின் அந்தரங்கத்தை எளிதில் உடையக்கூடியதாக்குவதும் அதே தனித்தன்மைதான்.

கற்பனையாக ஒரு தரவு வரியை எடுத்துக்கொள்வோம். பெண்; வயது 43; தாய்மொழி கொங்கணி; வார்டு எண்; பிள்ளைகள் இல்லை; மனச்சிதைவுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். பெயர் இல்லை, முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை. விதிப்படி இது 'அடையாளம் நீக்கப்பட்ட' தரவு. ஆனால் அந்த வார்டில் பத்தாண்டு வாழ்ந்த எவரிடமும் இந்த வரியைக் காட்டுங்கள். அவர் வீட்டைச் சுட்டிக்காட்டிவிடுவார். ஊர்க்காரரே வேண்டும் என்பதுகூட இல்லை. வயதும் வீட்டுப் பெயரும் உறவுமுறையும் அடங்கிய வாக்காளர் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. இரண்டையும் அருகருகே வைக்கத் தெரிந்த இளநிலை மாணவர் போதும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியபோது, லட்டான்யா ஸ்வீனி என்னும் மாணவி 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு அதை ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநரின் பதிவையே பிரித்தெடுத்துக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதும், அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்பது அவர் பின்னர் வெளியிட்ட மதிப்பீடு. 2013இல் இன்னோர் ஆய்வுக்குழு, பெயரின்றி வெளியிடப்பட்ட மரபணுத் தொடர்களை வம்சாவளி இணையதளங்களோடு பொருத்தி ஏறத்தாழ 50 பேரின் அடையாளத்தைக் கண்டறிந்து 'சயன்ஸ்' இதழில் எழுதியது. கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டிலேயே நிலை இதுவென்றால், சில நூறு குடும்பங்கள் கொண்ட சமூகத்தின் மரபணுத் தரவைப் 'பெயரற்றது' என்று அழைப்பதற்கு நமக்கு என்ன துணிச்சல்?

தனிமனிதரை அடையாளம் காண முடியாவிட்டாலும் தீங்கு நேரலாம் என்பது அடுத்த செய்தி. யானைக்கால் நோய் ஒரு காலத்தில் இந்த ஊரின் பெயராலேயே வழங்கியது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' சொல்லகராதியில் 'கொச்சிக் கால்' என்றொரு பதிவு உண்டு. கொசுவும் சாக்கடையும் செய்த வேலைக்கு ஒரு நகரம் முழுவதும் பழி சுமந்தது. ஒரு நோயை ஒரு ஊரோடோ சாதியோடோ ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் சேர்த்து எழுதும் ஒவ்வொருவரும் அந்தப் பழைய பதிவை நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினருக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. நீரிழிவு ஆய்வு என்று நம்பி 1990 முதல் அவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் குருதி கொடுத்தார்கள். அதே குருதி மனச்சிதைவு, நெருங்கிய உறவுக்குள் மணம், இனத்தின் இடப்பெயர்வு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கும் போயிற்று. அந்தக் கட்டுரைகள் யாருடைய பெயரையும் சொல்லி இழிவுபடுத்தவில்லை. ஆனால் ஒரு குலம் முழுவதும் தன்னைப் பற்றிக் கேட்க விரும்பாதவற்றை அயலார் எழுதக் கண்டது. 2010இல் பல்கலைக்கழகம் 7 இலட்சம் டாலர் இழப்பீடு தந்து, எஞ்சிய குருதி மாதிரிகளைத் திருப்பியளித்தது. நீரிழிவுக்கென்று கொடுத்த குருதி நீரிழிவுக்கு மட்டுமே என்பது அவர்கள் கேட்ட ஒரே நியாயம்.

நம் ஊரின் உதாரணத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் கேரள அரசு, கொரோனாத் தனிமையில் இருந்தோர் உள்ளிட்டவர்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டித் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. தகராறு எழுந்தால் நியூயார்க் நீதிமன்றத்தில்தான் வழக்காட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. தகவல் கொடுத்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எதுவும் சொல்லப்படவில்லை. எதிர்ப்பு வலுத்து விவகாரம் எர்ணாகுளத்திலுள்ள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2020 ஏப்ரல் 24 அன்று நீதிபதிகள் தேவன் ராமச்சந்திரன், டி.ஆர். ரவி அமர்வு இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறுத்தவில்லை. ஆனால் அடையாளம் நீக்கிய பின்னரே தரவை நிறுவனம் அணுக வேண்டும் என்றது. மூன்றாம் தரப்பு பார்க்கக்கூடும் என்பதைச் சொல்லி மக்களிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்றது. நோய்த்தொற்று அடங்கிய பின் தரவுத்தொற்று வந்துவிடக் கூடாது என்னும் கவலையும் அங்கே ஒலித்தது. அடுத்த மாதமே, அந்நிறுவனத்துக்கு இனித் தரவை அணுகும் வழியில்லை என்று அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அந்த நாட்களில் கல்வியாளர்களாகிய நாம் அரசை நோக்கிக் கடுமையாகவே கேள்வி எழுப்பினோம், எழுப்பியது சரி. அதே கேள்விகளை நம் கூட்டாய்வு ஒப்பந்தங்களிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? தரவு எந்த நாட்டின் கணினியில் இருக்கிறது? திட்டம் முடிந்த பின் அது யாரிடம் இருக்கும்? கூட்டாளி அதை மூன்றாமவருக்குக் கொடுக்கலாமா? கசிந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? எந்த ஊர் நீதிமன்றம்? நம் ஒப்பந்தங்கள் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும் என்பதையும், காப்புரிமை யாருக்கு என்பதையும் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. பங்கேற்பாளரைப் பற்றி ஒரு பத்தி பேசுகின்றன. அந்தப் பத்தியும் முன்பு சொன்ன மனப்பாட வாக்கியம்தான்.

ஆபத்து எப்போதும் அயல்நாட்டிலிருந்தே வருகிறது என்று நினைப்பதும் பிழை. மட்டாஞ்சேரியின் ஒரு பெண்ணுக்குத் தன் காசநோய் விவரம் அட்லாண்டிக்கைக் கடப்பதைவிட அடுத்த சந்துக்குப் போவதுதான் பெருந்தீங்கு. அங்கேதான் மகளின் சம்பந்தம் பேசப்படுகிறது. அங்கேதான் வாடகை வீடு கிடைக்கவோ மறுக்கவோபடுகிறது. தகவல் சேகரிப்பவர் பல நேரங்களில் அதே தெருக்காரர். வீட்டுத் திண்ணையில் மாமியார் கேட்டுக்கொண்டிருக்க மருமகளிடம் வினாநிரல் வாசிக்கப்படுகிறது. அன்றைய படிவங்கள் கைப்பேசியில் படமெடுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுவில் பகிரப்படுகின்றன. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தலைமை ஆய்வாளருக்கே தெரியாது. பன்னாட்டு ஒப்பந்தத்தின் மறைகுறியாக்க விதிகள் இந்தத் திண்ணையை எட்டுவதேயில்லை. இதற்குக் களப்பணியாளரைக் குறைசொல்லிப் பயனில்லை. குறைந்த ஊதியத்துக்கு, நாளொன்றுக்கு இத்தனை படிவம் என்று இலக்கு கொடுத்து, பூட்டக்கூடிய ஒரு பையைக்கூடக் கொடுக்காமல் அனுப்பியது நாம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது உண்மை. ஆனால் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகக் கருதவில்லை. கைப்பேசி எண்ணுக்கும் எச்ஐவி நிலைக்கும் அதன் பார்வையில் வேறுபாடு கிடையாது. வகுக்கப்பட்ட தரங்களைப் பின்பற்றி, தனிநபர் குறித்த முடிவு எதையும் எடுக்காதவரை, ஆய்வுக்கு அது விலக்கும் அளிக்கிறது. விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இருந்த இழப்பீட்டு வழியையும் இச்சட்டம் நீக்குகிறது. ஆக, ஆய்வில் பங்கேற்றவருக்கு எஞ்சியிருக்கும் காவல் பெரும்பாலும் நம் அறநெறிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் அந்தரங்கம், மாதிரிக் களஞ்சியம், பன்னாட்டுக் கூட்டாய்வு என எல்லாவற்றையும் பேசுகின்றன. அவற்றை நாம் படிவம் நிரப்பும் நாளில் மட்டும் புரட்டுகிறோம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். தரவைப் பகிராவிட்டால் அறிவியல் தேங்கும். இதழ்களும் நிதி வழங்குவோரும் பகிர்வைக் கட்டாயமாக்குகிறார்கள். ஏழை நாடுகளின் நோய்களுக்கு மருந்து கண்டறியக் கூட்டாய்வு இன்றியமையாதது. மூன்றையும் ஏற்கிறேன். ஆனால் பகிர்வது என்றால் கோப்பைத் தூக்கிக் கொடுப்பது என்று யார் சொன்னது? 2020இல் இங்கிலாந்தில் உருவான ஓப்பன்சேஃப்லி ஏற்பாட்டில் 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆய்வாளர்கள் தங்கள் கணக்கீட்டு நிரல்களை அங்கே அனுப்பினார்கள். தொகுத்த முடிவுகள் மட்டுமே வெளியே வந்தன. கொரோனா இறப்புக்கான காரணிகளைப் பற்றிய முதன்மையான ஆய்வுகளில் ஒன்று அவ்வாறு பிறந்தது. அறிவியலும் தேங்கவில்லை, பதிவுகளும் இடம்பெயரவில்லை.

எனவே என் கோரிக்கைகள் நடைமுறைக்கு அப்பாற்பட்டவை அல்ல. முதலாவது, குறியீட்டெண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தகவல் திரட்டிய ஊரிலேயே, பொறுப்பேற்ற ஒருவரிடம் இருக்கட்டும். அது அழிக்கப்படும் நாள் ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். இரண்டாவது, தரவை வெளியிடும் முன் அந்த ஊரை அறிந்த, இரகசிய உறுதிமொழி தந்த ஒருவரைக் கொண்டு ஆட்களை அடையாளம் காண முடிகிறதா என்று சோதியுங்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஓரிருவர் மட்டுமே இருந்தால் அக்கட்டத்தை மூடிவிடுங்கள். மூன்றாவது, ஒப்புதல் படிவம் பங்கேற்பாளரின் வீட்டு மொழியில் அமையட்டும். கூட்டாளியின் பெயர், நாடு, நோக்கம், விலகும் வழி ஆகியவை அதில் இடம்பெறட்டும். புதிய நோக்கம் வந்தால் புதிய ஒப்புதல் வேண்டும். நான்காவது, மீண்டும் அடையாளம் காண முயலக் கூடாது என்ற தடையும், கசிந்தால் பங்கேற்பாளருக்கே தெரிவிக்கும் கடமையும், இந்திய நீதிமன்ற அதிகாரமும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் வேண்டும். ஐந்தாவது, சிறிய சமூகங்களைப் பற்றிய ஆய்வென்றால் முடிவுகளை அச்சமூகத்தினர் முதலில் கேட்கட்டும். இதற்கு ஒரு மண்டபமும் ஒரு மாலையும் போதும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஆய்வேடு நாளை ஷோத்கங்காவில் எல்லோருக்கும் திறந்திருக்கும். பின்னிணைப்பில் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைச் சான்றாகச் சேர்க்கச் சொன்னால், மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டிய படத்தில் ஆளைத் தாய் அறிவாள், அண்டைவீட்டார் அறிவார். வழிகாட்டியிடம் இதைச் சொல்லத் தயங்குவீர்கள்; மதிப்பெண்ணும் கையொப்பமும் அவரிடம் இருக்கின்றன. தனியாகச் சொல்ல முடியாததைத் துறையின் மாணவர்கள் கூடிச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் அந்த வாய்ப்பை மாணவர்களுக்கு விட்டுவைக்காமல் தாங்களே முந்திக்கொண்டால் இன்னும் நல்லது.

மருத்துவரிடம் நாம் சொல்வது நம் நோயைத் தீர்ப்பதற்காக. ஆய்வாளரிடம் ஒருவர் சொல்வது முகமறியாத இன்னொருவரின் நோய் தீர்வதற்காக. அவருக்கு அதனால் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒரு தேநீர், பேருந்துக் கட்டணம், ஒரு நன்றி. அப்படிக் கொடுத்தவரின் வீட்டுக் கதவைப் பாதுகாப்பது நாம் அவருக்குச் செய்யும் சலுகை ஆகாது. கடன் பட்டவர் நாம். அதைத் திருப்பிச் செலுத்தும் முறைதான் இது.