காசு நம்முடையது, சாவி யாருடையது?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)

2025 ஜூலையில் டெஸ்லா கம்பெனி மும்பையில் கடை திறந்த அன்று எங்கள் விடுதி அறையில் ஒரு சண்டை நடந்தது. கைகலப்பு இல்லை, வாய்ச்சண்டைதான். ஆனால் இரவு ஒரு மணி வரை நடந்தது. வார்டன் வந்து விளக்கை அணைக்கச் சொன்ன பிறகும் இருட்டில் நடந்தது.

மாடல் ஒய் காரின் விலை 59.89 லட்சத்தில் ஆரம்பம். அதைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கவில்லை. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் விலைப்பட்டியலில் கீழே இன்னொரு வரி இருந்தது. 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' வேண்டுமென்றால் கூடுதலாக 6 லட்சம் ரூபாய். இந்தியச் சாலையில் அந்த வசதி அன்றைக்கு வேலை செய்யாது. பிறகு வரும். பணம் மட்டும் இப்போதே.

"ஆறு லட்சமா? எங்க அப்பா ஓட்டுற டாக்ஸியே அவ்வளவு பெறாதே!" என்றேன் நான்.

"உனக்கு சாஃப்ட்வேர்னா என்னன்னு தெரியாது மாப்ளே. எழுதுறவனுக்குச் சம்பளம் யார் குடுப்பா?" என்றான் ஈ.சி.ஈ. படிக்கும் அறைத்தோழன். சண்டை அங்கே ஆரம்பித்தது.

அவன் கேட்டது நியாயமான கேள்வி என்பதால்தான் இந்தக் கட்டுரை. அதற்குப் பதில் தேட அமெரிக்காவில் என்ன நடந்தது என்று படித்துப் பார்த்தேன். அங்கே இந்த வியாபாரம் பத்து வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது. படிக்கப் படிக்க, நாம் வொர்க் ஷாப்பில் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தையே அது தலைகீழாக்குவதாகப் பட்டது.

நாம் என்ன கற்றோம்? உதிரி பாகம் என்றால் அது கையில் இருக்கும். கிளட்ச் தட்டு, பிரேக் ஷூ, ஆல்டர்னேட்டர் எதுவானாலும் அதற்கு எடை உண்டு, பாகத்தின் எண் உண்டு, தேய்மானம் உண்டு. விலை ஏறினால் இரும்பு விலை ஏறியது, கூலி ஏறியது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். பணம் கொடுத்தால் கழற்றிப் பூட்டித் தருவோம். அத்தோடு அது வண்டியின் சொத்து.

டெஸ்லா காரில் அப்படி இல்லை. 2016 அக்டோபரில் அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்பு செய்தது. இனி எங்கள் ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு காரிலும், தானாக ஓடுவதற்கு வேண்டிய கேமராக்கள், சென்சார்கள், கணினி எல்லாம் பொருத்தியே வரும் என்றது. பணம் கட்டியவன் வண்டியிலும் அதே எட்டு கேமரா, கட்டாதவன் வண்டியிலும் அதே எட்டு கேமரா. வித்தியாசம் ஒரு பூட்டு மட்டும்தான். அன்றைய விலையில், நெடுஞ்சாலையில் உதவும் மேம்பட்ட ஆட்டோபைலட்டுக்கு 5,000 டாலர். அதற்கு மேல் முழுதாகத் தானே ஓட்டும் வசதிக்கு 3,000 டாலர்.

அதற்குப் பிறகு நடந்த விலைக் கூத்தைக் கேளுங்கள். 2019 தொடக்கத்தில் மூட்டையைப் பிரித்துக் கட்டினார்கள். எது எந்த மூட்டையில் என்பதே மாறியது. சாதாரண ஆட்டோபைலட்டைக் காரோடு சேர்த்தே கொடுத்தார்கள். முழுத்தானியங்கி மூட்டை 5,000 டாலர். அந்த வருட முடிவில் அதுவே 7,000. 2020 முடிவில் 10,000. 2022 ஜனவரியில் 12,000. அதே வருடம் செப்டம்பரில் 15,000. சரி, ஏறிக்கொண்டேதான் போகும் போலிருக்கிறது என்று நினைக்கிறோம். 2023 செப்டம்பரில் மறுபடி 12,000. 2024 ஏப்ரலில் 8,000!

கத்தரிக்காய் கூட இவ்வளவு ஆடாது. கத்தரிக்காய்க்காவது மழை என்ற ஒரு காரணம் உண்டு.

2022 செப்டம்பரில் வாங்கியவன் 15,000 கொடுத்தான். பத்தொன்பது மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரன் அதே வசதியை 8,000-க்கு வாங்கினான். அதுவும் அவன் வாங்கியது தேறிய சாஃப்ட்வேர். முன்னால் வாங்கியவனுக்கு நஷ்டம் 7,000 டாலர்.

ஏன் அவசரப்பட்டு வாங்கினார்கள் என்று கேட்கலாம். விலை ஏறும் என்று கம்பெனித் தலைவரே சொன்னார், அதனால் வாங்கினார்கள். 2019 ஏப்ரலில் எலான் மஸ்க் முதலீட்டாளர்கள் முன்னால் நின்று, எங்கள் காரை வாங்குவது மதிப்பு ஏறுகிற சொத்தை வாங்குவது போல என்றார். அடுத்த வருடமே பத்து லட்சம் கார்கள் ஆளில்லா டாக்ஸியாக ஓடும் என்றார். 2020 வந்தது, போனது. நகரச் சாலையில் ஓட்டும் சோதனைப் பதிப்பு அந்த வருட அக்டோபரில் கொஞ்சம் பேருக்குக் கிடைத்தது. பணம் கட்டிய எல்லா வட அமெரிக்கர்களுக்கும் அது திறந்தது 2022 நவம்பரில்தான். 2016-ல் பணம் கட்டியவனுக்கு ஆறு வருடக் காத்திருப்பு. மூன்று வருட லீசுக்கு எடுத்தவன் அதற்குள் காரையே திருப்பிக் கொடுத்திருப்பான். 2024-ல் பெயரோடு 'மேற்பார்வையில்' என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார்கள். அதாவது கண் சாலையில் இருக்க வேண்டும், பொறுப்பும் ஓட்டுநர் தலையில்.

கணினி விஷயம் இன்னும் வேடிக்கை. 2016-ல் எல்லாம் பொருத்தியாயிற்று என்றார்களே, அந்தக் கணினி போதவில்லை. 2019-ல் புதிய கணினி வந்தது. மொத்தமாகப் பணம் கட்டியிருந்தவர்களுக்குச் சும்மா மாற்றிக் கொடுத்தார்கள்; இதைச் சொல்லத்தான் வேண்டும், நல்ல காரியம். ஆனால் 2021 ஜூலையில் மாதச் சந்தாவைத் தொடங்கியபோது, பழைய கணினி உள்ள வண்டிக்காரர்கள் சந்தாவுக்கு முன் 1,500 டாலர் கொடுத்துக் கணினியை மாற்ற வேண்டும் என்றார்கள். 'எல்லாம் இருக்குன்னு சொல்லித்தானே வித்தீங்க?' என்று சத்தம் கிளம்பியது. 1,000 ஆகக் குறைத்தார்கள். 2025 ஜனவரியில் மஸ்க் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். 2019-ல் வந்த அந்தக் கணினியும் போதாது, மொத்தமாக வாங்கியவர்களுக்கு அதையும் மாற்றித்தர வேண்டியிருக்கும் என்றார்.

அறைத்தோழன் விடவில்லை. "மொத்தமா ஏன் குடுக்குற? மாசம் 99 டாலர் கட்டு. போன் ரீசார்ஜ் மாதிரி. வேணும்னா போடு, வேண்டாம்னா நிறுத்து" என்றான்.

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சந்தா முதலில் 199 டாலர். 2024 ஏப்ரலில் 99 ஆனது. கணக்குப் போட்டால், 8,000 டாலருக்கு 99 வீதம் ஆறே முக்கால் வருடம் கட்டலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதமே நிறுத்தலாம். சொல்லப் போனால், வராத வசதிக்கு முன்பணம் கட்டுவதை விட இது நாணயமான ஏற்பாடு. ஃபோர்டு கம்பெனிக்காரர்களும் தங்கள் புளூக்ரூஸ் வசதியை மாதக் கட்டணத்தில் விற்கிறார்கள். 75 டாலராக இருந்ததை 2024-ல் 50 டாலருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்.

ஆனால் மறுபாதி? 2026 ஜனவரியில் டெஸ்லா, பிப்ரவரி 14-க்குப் பிறகு மொத்தமாக விற்கப் போவதில்லை, இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. அதே ஜனவரியில் அமெரிக்காவில் புதிதாக விற்கும் மாடல் 3, மாடல் ஒய் கார்களில், கோட்டுக்குள் வண்டியைப் பிடித்துச் செல்லும் வசதியைச் சாதாரணப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2019 முதல் காரோடு சேர்ந்து வந்தது அது! இனி முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பது மட்டும் சும்மா கிடைக்கும். ஸ்டியரிங் உதவி வேண்டுமானால் சந்தா. போன் ரீசார்ஜில் இரண்டு கம்பெனி இருந்தால் எண்ணை மாற்றாமல் மாறிக்கொள்ளலாம். காரில் அப்படி வேறு கம்பெனி சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ள முடியுமா? பூட்டு அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. நாளைக்கு 99 என்பதை 149 ஆக்கினால் கேட்பதற்கு ஆள் கிடையாது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா இருபது வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார். இப்போதுள்ள வண்டி மூன்று கை மாறி வந்தது. அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன்டா, அந்த வண்டிய நான் வித்தா, வாங்குறவனுக்கு அது போகுமா போகாதா?"

ஆறு மாதம் தியரி படித்தாலும் எனக்குத் தோன்றாத கேள்வி. செகண்ட் ஹேண்ட் சந்தையில் வளர்ந்தவருக்கு உடனே தோன்றுகிறது. நம் ஊரில் வண்டியை விற்றால் அதிலுள்ள டேப், கேஸ் கிட், சீட் கவர் எல்லாம் வாங்குபவனுக்கு. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறினால் முடிந்தது கதை.

அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? 2019 டிசம்பரில் ஒருவர் ஒரு டீலரிடமிருந்து பழைய மாடல் எஸ் காரை வாங்கினார். மேம்பட்ட ஆட்டோபைலட்டும் முழுத்தானியங்கியும் இருப்பதாகப் பார்த்துத்தான் வாங்கினார். 8,000 டாலர் மதிப்புள்ள வசதி. வாங்கிய பிறகு பார்த்தால் இரண்டும் இல்லை. யாரும் ஸ்பேனர் எடுத்துக் கழற்றவில்லை. கம்பெனி எங்கிருந்தோ அழித்துவிட்டது. நீங்கள் இதற்குப் பணம் கட்டவில்லை என்றது. பத்திரிகைகளில் செய்தி வந்து ஊர் சிரித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். பத்திரிகையில் வராதவர் கதி என்ன?

அதே போல், வசதியை வாங்கியவர் புதுக் காருக்கு மாறினால் அதைக் கூடவே எடுத்துப் போகவும் முடியாமல் இருந்தது. 2023-ல் சில மாதம் மட்டும் மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள். பிறகும் அவ்வப்போது சலுகை போல அறிவித்தார்கள். ஆக, விற்றால் வண்டியோடு போகும் என்ற உறுதியும் இல்லை, வாங்கியவனோடு வரும் என்ற உறுதியும் இல்லை.

'இதுக்கெல்லாம் சைனாக்காரன்தான் சரி' என்று அறையில் இன்னொருவன் சொன்னான். அதையும் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் டெஸ்லா தன் வசதியைச் சீனாவில் 64,000 யுவானுக்கு விற்றது. அதே மாதம் பி.ஒய்.டி. கம்பெனி தன் ஓட்டுநர் உதவி வசதியைக் கிட்டத்தட்ட எல்லா மாடலிலும் கூடுதல் விலையின்றி வைத்தது. 69,800 யுவான் விலையுள்ள சீகல் என்ற சின்னக் காரில் கூட! இரண்டும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. சின்னக் காரில் வைத்தது எளிய வகை. ஆனாலும் ஒருவன் ஒரு வசதிக்குக் கேட்கும் பணத்தில் இன்னொருவன் அநேகமாக ஒரு காரையே கொடுக்கிறான்.

சும்மா கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதே வருடம் மார்ச் 29 அன்று சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஒரு சியோமி மின்சாரக் கார் நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதி எரிந்தது. இறந்த மூவரும் கல்லூரி மாணவிகள். நம் வயதுப் பிள்ளைகள். கார் உதவி வசதியில் மணிக்கு 116 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை வந்து ஓட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்த சில விநாடிகளில் மோதிவிட்டது என்று கம்பெனி சொன்னது. அடுத்த மாதமே சீன அரசு விளம்பரங்களில் 'தானியங்கி ஓட்டம்' போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கார் கம்பெனிகளை அழைத்துச் சொன்னது. விலையை விடவும் பெயர் ஆபத்து என்பது அவர்களுக்கு அப்போது உறைத்தது.

என் கட்சி இதுதான். இன்றைக்கு வேலை செய்வதற்கு மட்டும் இன்றைக்குப் பணம் வாங்கட்டும். வாங்கிய வசதி இன்ஜின் நம்பர் மாதிரி வண்டியோடு ஒட்டியிருக்கட்டும், ஆர்.சி. மாறினால் அதுவும் மாறட்டும். உயிர் காக்கும் வசதியைச் சொகுசு மூட்டையில் கட்டவே கூடாது. இதில் டெஸ்லாவைக் குறை சொல்ல முடியாது. ஆபத்தில் தானாகப் பிரேக் போடுவதை அவர்கள் காரோடு சேர்த்தேதான் கொடுக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் நல்ல மனசை மட்டும் நம்பி இருக்க முடியாது. அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை 2024 ஏப்ரலில் போட்ட விதியில், 2029 செப்டம்பர் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் தானியங்கி பிரேக் இருக்க வேண்டும் என்றார்கள். விதி வந்துவிட்டால் அப்புறம் அதற்குத் தனி விலை, சந்தா, தள்ளுபடி எதுவும் கிடையாது. நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது இப்படித்தான்.

தோழன் இதை ஏற்கவில்லை. "விதி போட்டா விலை கார் விலைக்குள்ள ஒளிஞ்சிக்கும், அவ்வளவுதான். உனக்கு அது வெளியில தெரியிறதுதான் கோபம்" என்கிறான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அடுத்த ஆண்டு மலரில் அவன் தன் பக்கத்தை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கும்படி சங்கச் செயலாளரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.