எல்-1 தர்மமும் பத்து கிலோ சட்டையும்

வங்கியில் குப்பை கொட்டுகிற ஆசாமிக்குக் குண்டு துளைக்காத சட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கணக்கு தெரியும் சாமி, அது போதும்.

நான் இப்போது இருக்கிற கான்பூரில்தான் டி.ஆர்.டி.ஓ.வின் டி.எம்.எஸ்.ஆர்.டி.ஈ. ஆய்வுக்கூடம் இருக்கிறது. இவர்கள் உருவாக்கிய சட்டையின் முன்பக்கத் தகடு, கவசத்தைத் துளைக்கும் 7.62 மி.மீ. ரவைகள் ஆறைத் தாங்கியதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். எடை சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கும் குறைவு. 25க்கு 30 சென்டிமீட்டர் தகடு என்றால் மூன்று கிலோ. சபாஷ்!

ஆனால் எல்லோரும் தகட்டைப் பற்றியே பேசுகிறோம். அதை உடம்பில் நிறுத்துகிற உறையை யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் பிளேட் கேரியர் என்பார்கள். முன்னும் பின்னும் தகடு செருகும் பை, தோள்பட்டி, இடுப்புப்பட்டி, அவ்வளவுதான். கழுத்துக்காப்பு, பக்கத்தகடு, மேகஸின் பை எல்லாம் வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றலாம். 2009-இல் அமெரிக்க ராணுவம், ஆப்கன் மலைகளில் ஏறுகிறவர்களுக்குக் கனத்த உடுப்புக்குப் பதில் இதைக் கொடுத்தது.

அதே 2009-இல் நம் ராணுவத்துக்கு மூன்றரை லட்சம் சட்டைகள் வாங்க அனுமதி கிடைத்தது. 2016-இல் அவசரத்துக்கு ஐம்பதாயிரம். 1,86,138 சட்டைகளுக்கு 639 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில். ஒன்பது வருஷம்! வகுத்துப் பாருங்கள், சட்டை ஒன்றுக்குச் சுமார் 34,300 ரூபாய். இதற்கா இவ்வளவு இழுத்தடிப்பு? நமக்கென்று ஒரு தேசியத் தரம், ஐ.எஸ். 17051, வந்ததே அந்த 2018-இல்தான்.

ராணுவத்துக்காவது மாட்டிக் கழற்றும் வகை வந்தது. சாதாரண போலீஸ்காரருக்கு? இங்கே ஜூன் மாதம் 45 டிகிரி. காவலுக்கு நிற்பவரின் சட்டை நாற்காலி முதுகில் தொங்குகிறது. ஆக, நாற்காலிக்கு முழுப் பாதுகாப்பு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்து கிலோவை எட்டு மணி நேரம் நீங்கள் சுமந்து பாருங்கள். போட்டாலும் ஒல்லியானவருக்கும் தொப்பைக்காரருக்கும் ஒரே சைஸ். தகட்டின் மேல்விளிம்பு தொண்டைக்குழியை ஒட்டி நிற்க வேண்டும். தொளதொளவென்ற உறையில் அது வயிற்றுக்கு இறங்கிவிடும், இதயம் வெளியே.

‘எடையைக் குறைத்தால் மறைப்பும் குறையுமே, கர்கரேயை மறந்துவிட்டீரா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மறக்கவில்லை ஐயா. 2008 மும்பைத் தாக்குதலில் ஹேமந்த் கர்கரேக்குக் குண்டு பாய்ந்தது தோளுக்கும் கழுத்துக்கும் இடையே. அவர் அணிந்த சட்டையே காணாமல் போனது என்று பிறகு அவர் மனைவிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வந்தது. அந்த இடத்தை மறைக்கத்தான் தனியாக மாட்டும் காப்பு வேண்டும் என்கிறேன். சண்டைக்குப் போகும்போது எல்லாம் மாட்டட்டும். வாசலில் நிற்கும்போது இரண்டு தகடு போதும்.

எங்கே இடிக்கிறது என்றால், டெண்டரில். ‘சட்டை, எண்ணிக்கை இத்தனை’ என்று ஒரே வரி. குறைந்த விலை கேட்டவன் எல்-1, மாலை அவனுக்கு. விலையை எங்கே குறைப்பான்? தகட்டில் கை வைத்தால் சோதனையில் மாட்டுவான். துணியில், பட்டியில், வெல்க்ரோவில், சைஸ்களில் குறைப்பான். சொத்துப் பதிவேட்டிலும் ஒரே வரிதான். வெல்க்ரோ இரண்டு வருஷத்தில் பல்லிளிக்கும், தகடு நன்றாகவே இருக்கும். ஆனால் உறையை மட்டும் மாற்றக் கணக்குத் தலைப்பு கிடையாது. முழுச் சட்டையும் கழிவாகும் வரை பிய்ந்ததையே கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தகடு ஒரு வரி, உறை ஒரு வரி, மூன்று சைஸ், இரண்டுக்கும் தனித்தனி ஆயுள். போட்டுப் பார்த்து, ஓடிப் பார்த்து மார்க் போட கான்ஸ்டபிள்கள் பத்துப் பேர். அதில் தேறியவனிடம் மட்டும் விலை கேளுங்கள். இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம், டெண்டர் படிவத்தில் அரைப் பக்கம் கூடும்.