பதினேழு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள்

பிளஸ் டூ தேர்வு நெருங்கினால் போதும், பள்ளிக்கூடங்களில் மேடை போட ஆரம்பித்துவிடுகிறார்கள். சிறப்பு விருந்தினர் வருவார். மாணவச் செல்வங்களே என்று தொடங்குவார். உங்களுக்குப் பிடித்த வேலையைத் தேர்ந்தெடுங்கள், பிடித்த வேலை என்றால் அது வேலையாகவே தெரியாது என்று முழங்குவார். கைதட்டல், பொன்னாடை, நினைவுப் பரிசு. பிறகு காரில் ஏறிப் போய்விடுவார். கேட்ட பிள்ளைகள் அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

இந்த உபதேசம் பொய் என்பது என் கட்சி. பொய் மட்டுமல்ல, பிள்ளைகளுக்குக் கெடுதலும்கூட. எழுபதைத் தாண்டிய ஒரு பழைய குமாஸ்தா சொல்கிறானே என்று ஒதுக்காமல் கொஞ்சம் கேளுங்கள்.

கடலூரில் இருக்கும் என் தங்கையின் பேத்தி போன வருடம் விடுமுறைக்கு வந்திருந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், கேள்வி கேட்கிற பெண். இரண்டு நாள் பேசாமலே இருந்தாள். மூன்றாம் நாள் மாடியில் வடகம் காய வைத்துக்கொண்டிருந்தபோது, "தாத்தா, எல்லாரும் அவங்களுக்குப் பிடிச்சது என்னன்னு சொல்றாங்க. எனக்கு அப்படி எதுவுமே தோணல. எங்கிட்ட ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடைப் பேச்சாளர் அரை மணி நேரத்தில் செய்துவிட்டுப் போன வேலை இது. ஒரு குறையும் இல்லாத பிள்ளையைத் தனக்குக் குறை இருப்பதாக நம்ப வைத்துவிட்டார்.

பிடிக்க வேண்டும் என்றால் முதலில் தெரிய வேண்டும் இல்லையா? நம் பிள்ளைகளுக்கு எத்தனை வேலைகள் தெரியும்? டாக்டர், இன்ஜினியர், ஐ.டி., கலெக்டர். ஆசிரியர் வேலை தெரியும், அதுவும் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததுதான். நீர்வள அளவையாளர் என்ன செய்கிறார், ரத்த வங்கியில் வேலை செய்கிறவர் காலையில் வந்து முதலில் எதைத் தொடுகிறார், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எப்படிப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? கண்ணால் பார்க்காத பண்டத்தில் எது பிடிக்கும் என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? சினிமாவில் பார்த்ததைச் சொல்லும்.

இந்த உபதேசம் பரவியதற்கு ஸ்டீவ் ஜாப்ஸ் 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய பட்டமளிப்பு உரையும் ஒரு காரணம். நேசிக்கும் வேலை கிடைக்கும்வரை தேடிக்கொண்டே இருங்கள் என்றார். கேட்டவர்கள் யார்? ஸ்டான்ஃபோர்டு பட்டத்தைக் கையில் வாங்கியவர்கள். அவர்கள் பத்து வருடம் தேடினாலும் பட்டினி கிடக்க மாட்டார்கள். அதே பேச்சைத் தமிழில் மாற்றி, கல்விக் கடன் வாங்கப்போகும் கொத்தனார் மகனிடம் சொல்வது என்ன நியாயம்?

நான் படித்தது பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் காரியேர் என்ற சொல்லுக்கு வாழ்க்கைத் தொழில் என்றும் பொருள், கல் உடைக்கும் குவாரி என்றும் பொருள். வகுப்பில் அதைச் சொல்லிச் சிரிப்போம். இன்னொரு சொல் மெத்தியே. கற்றுக் கைவந்த தொழில் என்று சொல்லலாம். தச்சருக்கும் மெத்தியே உண்டு, வக்கீலுக்கும் உண்டு. சம்பளம் வாங்கும் இடத்துக்கு வேறு சொல், எம்ப்ளுவா. ஒன்று கையில் இருப்பது, மற்றது யாரோ கொடுப்பது. இந்த வித்தியாசத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதே இல்லை.

எங்கள் தலைமுறைப் புதுச்சேரிப் பையன்களிடம் என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பையன்கள் பிரான்சுக்குப் போனார்கள், சிலர் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனார்கள். மற்றவர்களுக்கு உள்ளூர் உத்தியோகம். 1974இல் எனக்குக் கிடைத்தது கீழ்நிலை எழுத்தர் வேலை, சம்பள விகிதம் 260-400. பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் இருக்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள். எத்தா சிவில் என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். தூசி, கரையான், மங்கிப்போன மை. இது எனக்குப் பிடித்த வேலையா என்று அன்று கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆறு மாதத்தில் கையெழுத்துகள் அடையாளம் தெரிய ஆரம்பித்தன. இந்தக் குமாஸ்தா வேங்கடாசலம் என்ற பெயரில் எஸ் எழுத்தை ஒன்று போடுவார், அந்தக் குமாஸ்தா இரண்டு போடுவார், மூன்றாமவர் கடைசியில் ஒரு இ சேர்ப்பார். ஒரே ஆள் மூன்று ஆளாக இருப்பான். 1962 ஆகஸ்ட் 16இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. யாருடைய அப்பா கையெழுத்துப் போட்டார், யார் போடவில்லை என்பதில் பிற்காலத்தில் எத்தனை குடும்பங்களின் கதை தொங்கியது! சொல்தாவின் விதவை ஒருத்தி வருவாள். பதிவேட்டில் கணவன் பெயர் ஒரு மாதிரி, பட்டாளத்துக் காகிதத்தில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே மனிதன்தான் என்று காட்ட அப்பா பெயர், பாட்டன் பெயர், சாட்சிகளின் பெயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். கிடைத்தால் அவளுக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம், கிடைக்காவிட்டால் மகன் வீட்டுத் திண்ணை. அந்தப் பதிவேடுகளை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அப்போதுதான். வேலை தெரிந்த பிறகு, அது யாருக்கு உதவுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு. வரிசை அப்படித்தான். மேடைக்காரர்கள் அதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

என் கதை சின்னக் கதை. பெரிய கதை வேண்டுமானால் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆன சில நாட்களிலேயே அலுப்பும் தனிமையும் தாங்காமல், என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர் அவர். முதலில் லண்டன் போய் அந்தத் தொழிலைப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். போனார், அங்கே நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு நூலகம் எப்படி நடக்கிறது என்று புரிந்ததும் கணித மூளைக்கு அதில் தீனி கிடைத்துவிட்டது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள், 1933இல் கோலன் பகுப்புமுறை. உலகமே அவரைப் படித்தது. அந்த முதல் வாரத்தில் யாராவது "பிடிக்கவில்லையா? விட்டுவிடு தம்பி" என்று சொல்லியிருந்தால்?

எங்கள் பாரதிதாசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1909இல் காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்து 1946வரை சம்பளத்துக்குப் பாடம் நடத்தியவர். கவிதை ஒரு பக்கம், பள்ளிக்கூட மணி ஒரு பக்கம். சென்னைத் துறைமுகத்தில் 1912இல் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன், அந்த நாற்காலியில் இருந்தபடிதான் அடுத்த வருடம் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். உயிருக்கு உயிரானதைச் சோற்றுக்கும் அதுவே கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமலும் ஒரு மனிதன் வாழலாம்.

சரி, பிடிக்காத வேலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யச் சொல்கிறீரா என்று கேட்பீர்கள். இல்லை. கூலி கொடுக்காத முதலாளியையும், மனிதனாக மதிக்காத மேலதிகாரியையும் விட்டு ஓடத்தான் வேண்டும். முப்பது வருடம் வேலையை வெறுத்தே காலம் தள்ளிய சகாக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெறுப்பைச் சுமந்தது அவர்கள் அல்ல, ஜன்னலுக்கு வெளியே நின்ற பொதுஜனம். ஆனால் கவனித்தால் ஒன்று தெரியும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலையைக் கற்றுக்கொள்ளவே இல்லை. விதிப் புத்தகத்தைத் திறக்காமலே ஓய்வு பெற்றார்கள்.

எதிர்க் கட்சியும் ஒன்று இருக்கிறது. அது அப்பாக்களின் கட்சி. பிடிப்பதாவது ஒன்றாவது, அரசு வேலைக்கு எழுது என்பவர்கள். அவர்கள் பக்கமும் நான் இல்லை. 2024இல் தமிழ்நாட்டில் குரூப் 4 தேர்வுக்கு 6,244 இடங்கள் என்று அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தெட்டு வயதுவரை பயிற்சி மையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு அந்த வயதில் வேறு எந்தத் தொழிலும் கைக்கு வருவதில்லை. இந்த அப்பாக்கள் கண் முன்னே இருப்பது என்னைப் போன்றவன் வாங்கும் ஓய்வூதியம். அந்தப் பழைய ஓய்வூதியம் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு எங்கள் புதுச்சேரியில் நின்றுபோய், சம்பளத்தில் பிடித்தம் செய்யும் திட்டம் வந்தது. என் வீட்டு ஏ.சி.யைப் பார்த்து உங்கள் மகனை அனுப்பாதீர்கள்.

பிரான்சில் நம் ஒன்பதாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளை ஒரு வாரம் ஏதாவது ஒரு வேலையிடத்துக்கு அனுப்புவது கட்டாயம். ஸ்தாஜ் என்பார்கள். ரொட்டிக் கடையோ, பட்டறையோ, வக்கீல் ஆபீஸோ, போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். ஒரு வாரத்தில் தொழில் வராது. ஆனால் தொழில் என்பது எப்படி வாசனை அடிக்கும் என்று தெரியும். என் தங்கை பேத்தியிடம் அன்று நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எந்த வேலையில வர்ற சலிப்பை உன்னால தாங்க முடியும்னு பார்த்திருக்கியா?" எல்லா வேலையிலும் சலிப்பு உண்டு. டாக்டருக்கு இரவுப் பணி, வக்கீலுக்கு வாய்தா, நிரல் எழுதுகிறவனுக்கு அடுத்தவன் விட்ட பிழை. எந்தச் சலிப்பு உனக்குப் பொறுக்கும் என்பது பார்த்தால்தான் தெரியும். மேடைக்குக் கீழே உட்கார்ந்து தெரியாது.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பேச்சாளரைக் கூப்பிடாமல், ஊரில் இருக்கும் லைன்மேன், நர்ஸ், சர்வேயர், தையற்காரர், மருந்துக்கடைக்காரர் என்று பத்துப் பேரைக் கூப்பிடுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், மாதம் என்ன மிஞ்சுகிறது, எது வலிக்கிறது, எப்போது சந்தோஷம் என்று பிள்ளைகளே கேட்கட்டும். சம்பள ரசீதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கூப்பிட்டால் நானும் வருவேன். பொன்னாடை வேண்டாம், ஒரு காபி போதும், சர்க்கரை இல்லாமல்.