முதலில் துறைமுகத்தைப் பாருங்கள்!

ஐஸ்லாந்தைக் கப்பலில் சுற்றிக் காட்டுகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அருவி, திமிங்கலம், பனிமலை... எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அந்நாட்டின் ஹெய்மே தீவுத் துறைமுக வாய்தான்!

அது ரொம்பக் குறுகல். பெரிய சொகுசுக் கப்பல்கள் நுழைய முடியாது, சின்னக் கப்பல் நுழையும். ஒருபக்கம் செங்குத்துப் பாறை. மறுபக்கம் உறைந்துபோன எரிமலைக் குழம்பு.

1973 ஜனவரி 23 பின்னிரவில் ஊர் ஓரத்திலேயே பூமி பிளந்தது. சுமார் 5,300 பேர், பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளில், அன்றிரவே தப்பினார்கள். ஏறக்குறைய 400 வீடுகள் அழிந்தன. குழம்பு துறைமுகத்தை அடைக்க வந்தது. துறைமுகம் போனால் மீன்பிடிப்பு போச்சு, ஊரே போச்சு!

என்ன செய்தார்கள் தெரியுமா? கடல்நீரை பம்ப் பண்ணிக் குழம்பின் மேல் அடித்தார்கள்! 40-க்கும் மேற்பட்ட பம்புகள், சுமார் 30 கிலோமீட்டர் பைப், மாதக்கணக்கில் வேலை. குழம்பின் விளிம்பு குளிர்ந்து இறுகிச் சுவராயிற்று. துறைமுகம் பிழைத்தது, அலையிலிருந்து முன்னைவிட நல்ல பாதுகாப்பும் கிடைத்தது. பிற்பாடு அதே குழம்பின் சூட்டிலேயே வீடுகளுக்குக் கணப்பு!

யோசனை சொன்னவர் இயற்பியல் பேராசிரியர். சரி, கொதிக்கும் குழம்பின் மேல் ஏறி பைப் போட்டவர்கள் யார்? நம்மைப்போல் கையால் வேலை செய்கிறவர்கள்தானே!

"டிப்ளமோதானே" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் இந்தத் துறைமுகத்தைச் சொல்லுங்கள். ரெக்கார்ட் நோட்டுக்காக மட்டும் நாம் தொடும் பம்பும் வால்வும் ஓர் ஊரையே காப்பாற்றியிருக்கின்றன. என்றாவது அந்தப்பக்கம் போகிற நண்பா, திமிங்கலத்துக்குக் கேமராவைத் திருப்பும் முன் அந்தக் கரும்பாறையை ஒரு போட்டோ எடு!