அகப்படாத மனு

ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீதான வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய முன்தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. அவற்றில் ஒன்று 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. பெயர் கச்சிதம், வழக்குதான் கிடையாது.

இப்போது ஏஐ முகவர்களே நீதிமன்ற ஆவணங்களைத் தேடக் கருவிகள் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று முகவர் முடிவுசெய்வது, அதற்கு எழுதிய நாலு வரிக் குறிப்பைப் படித்துத்தான். அங்கே 'வழக்குகளைத் தேடும்' என்று ஒப்புக்கு எழுதினால் போதுமா?

போதாது. உதாரணமாக, ஃப்ரீ லா ப்ராஜெக்ட்டின் கோர்ட்லிசனர் தளத்தில் தேடல் இலவசம். அதிலுள்ள ரீகேப் ஆவணத் தொகுப்போ, பெருமளவு யாரோ அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் பேசர் தளத்தில் காசு கட்டி எடுத்தபோது சேர்ந்தது. அங்கே அகப்படாத மனு தாக்கலே ஆகவில்லை என்று அர்த்தமில்லை. குறிப்பின் முதல் வரியே இதுவாக இருக்க வேண்டும்.

அடுத்தது காசு. பேசரில் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு உச்சவரம்பு 3 டாலர். பெயர் தேடலுக்கு அந்த வரம்பு இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால், முகவர் அங்கே ஒரே பெயரைத் திரும்பத் திரும்பத் தேடும். பில் அலுவலகத்துக்கு வரும்.