எந்த மருந்து என்பதற்கு முன் எந்த வயது?

"எருமைக் கன்றுக்கு எந்தப் பூச்சி மருந்தும் ஒன்றுதான். மலிவானதை வாங்கி, மூன்று மாதம் கழித்து ஊற்றுங்கள்" என்று சுங்கை சிப்புட் பக்கம் மாடு வளர்ப்போருக்கு நண்பர் ஒருவர் உபதேசம் செய்துவருகிறார். ஆதாரம்? நான்கு மாதக் கன்றுக்கு ஊற்றினாராம். பிறகு சாணத்தில் புழு முட்டையே இல்லையாம்.

இருக்காதுதான். எருமைக் கன்றின் குடலில் வாழும் டாக்சோகாரா என்னும் உருண்டைப் புழு, அந்த வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே குடலைவிட்டு வெளியேறிவிடும். பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் இதே வெற்றி கிடைத்திருக்கும். மருந்து ஊற்றாத கன்றின் சாணத்தையும் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றாதவர் மருந்துகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்!

கன்று சாவது அதற்கு வெகுமுன்பே. தாயின் உடம்பில் உறங்கிக்கிடக்கும் இளம்புழு, ஈன்றதும் பாலோடு கன்றுக்குள் இறங்குகிறது. எருமைப் பாலில் இந்தப் புழு வருவதைப் பற்றி இலங்கையில் ராபர்ட்ஸ், பெர்னாண்டோ, சிவநாதன் மூவரும் செய்த ஆய்வு 1990இலேயே வெளிவந்துவிட்டது. மூன்று, நான்கு வாரத்தில் வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து, சாம்பல் நிறக் களிமண்போல், துர்நாற்றத்தோடு கழியும். ஒரு சாணுக்கு மேல் நீண்ட புழுக்கள் குடலை அடைத்துக் கிடக்கும். அந்தக் கன்றை மூன்று மாதம் பொறுக்கச் சொல்வது வைத்தியமா?

எல்லா மருந்தும் ஒன்று என்பதும் தவறு. பைப்பரசின் வளர்ந்த புழுவைத் தள்ளும். இளம்புழுவிடம் அதன் பாச்சா பலிக்காது. பைரண்டெல் இரண்டையும் கொல்லும். அதனால்தான் 10 முதல் 16 நாள் வயதுக்குள் ஒரே வேளை கொடுக்கச் சொன்னார் ராபர்ட்ஸ். பால்வழி வருவது அதற்குள் ஏறக்குறைய நின்றிருக்கும். புழு முட்டையிடத் தொடங்கியிருக்காது. தாமதித்தால் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், தாய் மேயும்போது விழுங்கும், அடுத்த கன்றுக்கும் அதே கதிதான்.

பாலில் வருகிறது என்றதும் "அப்படியானால் சீம்பாலை நிறுத்துங்கள்" என்கிறாரே நண்பர், அதுதான் உச்சம். பிறந்த கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தியே சீம்பாலில்தான் வருகிறது. புழுவுக்குப் பயந்து கன்றைக் கழிச்சலுக்குப் பலிகொடுக்கலாமா?

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இவர் பேச்சைக் கேட்கின்றன. கன்று செத்தால் பல எருமைகள் பாலை அடக்கிக்கொள்ளும், நஷ்டம் இரட்டிப்பு. கால்நடை ஆய்வுக்கழகம் ஈப்போவிலேயே இருக்கிறது. ஒரு மாதக் கன்றுகளின் சாணத்தை மருந்துக்கு முன்னும் பின்னும் சோதித்து, முட்டைக் கணக்கோடு நண்பர் வரட்டும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பதே கன்றுகளுக்கு அவர் செய்யும் உபகாரம்.